ரோட்ஸ் கடலில் உன் நீச்சலுடை

என் செல்ல யசோவுக்கு,

இறங்கிவிட்டேனடி! சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கடலில், பட்டப்பகலில், நீ தந்த நீச்சலுடையோடு இறங்கிவிட்டேன். ஒஸ்லோவுக்கு, மோர்டென்ஸ்ருட் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் காதுக்குள் உப்புத் தண்ணீர் நிற்கிறது போலவே இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் எனக்கு எப்படி நித்திரை வரும்?

சனிக்கிழமைகளில் நீச்சல் தடாகத்தைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவிடுவார்களே, யன்னலுக்கெல்லாம் திரை போட்டு. வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்த கையோடு என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் நீதானே. இந்த வயதில் எனக்கென்ன நீச்சல், தண்ணீரில் தாண்டு மூழ்கிவிடுவேன் என்று அடம்பிடித்தேன். "தாண்டு போனால் தூக்க நான் நிக்கிறன், வாங்கோ அக்கா" என்றாய். அடுத்த கோடை வருவதற்குள் இரண்டு பேரும் நீந்தினோம்.

ஆனால் திரைக்கு வெளியே? கோடை வந்தால் வெர்வென்புக்தாக் கடற்கரையில் ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேர் கோழி சுட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கே நீச்சலுடையோடு இறங்கினால், நாங்கள் தலை துவட்ட முதல் கதை குறொன்லாண்ட் தெருத் தமிழ்க் கடைகளுக்குப் போய்விடும். அதனால்தானே ஒரு தமிழரும் இல்லாத சூடான கடலாகப் பார்த்துக் கப்பலில் போவோம் என்று திட்டம் போட்டோம்.

பிறகு நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஒரு பையை என் மடியில் வைத்தாய். கறுப்பில் மஞ்சள் பூப் போட்ட நீச்சலுடை, விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை. "நான் வராட்டியும் நீங்கள் இறங்கோணும். தடாகத்திலை இல்லை, கடலிலை." ஓம் என்று சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடின பிறகு அந்தப் பையை அலுமாரியிலிருந்து எடுக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

இந்தக் கோடையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினேன். கப்பல் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஒரு பகல் நின்றது. உன் அத்தானுக்கு, அதுதான் என் மனிசனுக்கு, கோட்டை பார்க்க ஆசை. "கோட்டை கப்பலிலை இருந்தே தெரியுது, காணும்" என்று சொல்லிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கரை முழுக்கக் கூழாங்கல், உள்ளங்கால் கொதித்தது. தண்ணீர் கரையில் பச்சை, தள்ளிப் போனால் கடும் நீலம். நீந்திப் போய் ஏறிக் குதிப்பதற்கென்று கடலுக்குள் ஒரு சீமெந்து மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு தமிழ் முகம் இல்லை. உன் உடுப்பு எனக்கு இறுக்கம்தான், பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். துவாயை எறிந்துவிட்டு ஓடினேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று, "யசோ, இறங்கீட்டன்!" என்று வாய்விட்டே கத்தினேன்.

அப்போதுதான் கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அக்கா! நீங்கள் ஒஸ்லோவோ?"

குடையும் சுரிதாருமாக ஒரு பெண், பக்கத்தில் அவள் மனிசன். அவர்களும் நோர்வேதான், பேர்கன் நகரமாம்; எங்கள் கப்பலில்தான் வந்தார்களாம், அங்கே நாங்கள் ஒஸ்லோவைப் பற்றிக் கதைத்தது காதில் விழுந்ததாம். உன் அத்தானுக்குத் தமிழ் முகத்தைக் கண்டால் ஊரில் எவடம் என்று கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டு முடிய முதலே என் துவாயைச் சுற்றி எல்லாரும் குந்திவிட்டார்கள்.

"வாங்கோவன் அக்கா, முறுக்கு இருக்கு!"

எப்படியடி வருவேன்? முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு முன்னால், தொடை தெரிய? பேர்கனில் இருந்தால் என்ன, அவளுக்கு ஒஸ்லோவில் ஒரு மச்சாள் இல்லாமலா இருப்பாள்? விரலெல்லாம் சுருங்கும்வரை தண்ணீரிலேயே நின்றேன். அவர்கள் எழும்புகிறதாகத் தெரியவில்லை. கடைசியில் வெட்கம் பொறுக்கமாட்டாமல் மேடைப் பக்கம் திரும்பி நீந்தத் தொடங்கினேன்.

தடாகத்தில் பயம் வந்தால் விளிம்பைப் பிடிக்கலாம். இங்கே பிடிக்க என்ன இருக்கிறது? பாதி வழியில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது. கால் நிலத்தைத் தேடினது, நிலம் இல்லை. தூக்க நிற்கிறேன் என்றவளே, அந்த நேரம் நீ எங்கேயடி நின்றாய்? பயத்தோடு பயமாக உன்மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபத்திலேயே கையை வீசி வீசி நீந்தினேன். கை சீமெந்தில் முட்டியது.

தொட்டதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் உன் மஞ்சள் பூக்களை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஏணியில் ஏறினேன். மேலே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கோட்டை தெரிந்தது, எங்கள் கப்பல் தெரிந்தது, கரையில் முறுக்கும் கையுமாக வாய் பிளந்தபடி மூன்று பேர் தெரிந்தார்கள். உன் அத்தான்தான் முதலில் கை தட்டினார். எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? அந்தச் சந்தோசத்துக்குப் பக்கத்தில் நீ நிற்கவில்லையே என்றும் இருந்தது.

திரும்பி வந்து, கூனாமல் குறுகாமல் நடந்து கரையேறினேன். பேர்கன்காரி துவாயை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். போர்த்துவிட்டு, அவள் மனிசனுக்குக் கேட்காத குரலில், "அக்கா, இது எங்கை பழகினனீங்கள்? எனக்கும் வருமோ?" என்றாள்.

அழுகை வந்துவிட்டது. உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுரிதாரோடு என் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் வந்தாள். இடுப்பளவில் நடுங்கிப்போய் நின்றுவிட்டாள்.

"தாண்டு போனால் தூக்க நான் நிக்கிறன், வாங்கோ தங்கச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே உறைத்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெர்வென்புக்தாவில் கோழி சுடுகிறார்கள், எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். மத்தியானம், எல்லாச் சனமும் வந்து சேர்ந்த பிறகு, அவ்வளவு பேருக்கும் முன்னால் இறங்குவேன். உன் மேல் ஆணை.

இப்படிக்கு, உன் இடத்தில் இப்போது நிற்கிற
உன் கூடப்பிறவாத அக்கா
ராணி