இடத் தோளுக்கு ஓர் அகல வார்

மைனி,

கொச்சியிலிருந்து நேற்றுத்தான் திரும்பினோம். விற்காமல் மிஞ்சிய சாமான்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் உன் வார் கிடந்தது. விற்பதற்கு வைத்தது இல்லை. கண்காட்சியில் நாள் முழுக்கக் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாயே, அந்த வார். அண்ணன்தான் எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். கையில் எடுத்ததும், வலிக்குத் தேய்க்கிற கொட்டஞ்சுக்காதி தைலம் குப்பென்று மணத்தது. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உன் சேலைகளில்கூட இப்போது பீரோ வாசனைதான். தோல் அப்படி இல்லை, குடித்த எண்ணெயை லேசில் விடாது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தத் தைலத்தின் மேலும், அதைத் தேய்த்துவிட்ட என் கையின் மேலும்.

ஒரே பெஞ்சில் படித்த உன்னை, அண்ணனைக் கட்டிக்கொண்ட மறுநாளே மைனி என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். ஆனால் வா, போ மட்டும் மாறவில்லை. நீயும் கடைசிவரை என்னை ஏட்டி என்பதை விடவில்லை.

சர்ச்சில் ஆராதனை நடுவில் உன் ரெக்சின் வார் அறுந்து, கிட்டார் பீடத்துக்கு முன்னால் விழுந்ததே, அதில் தொடங்கியது நம் வியாபாரம். நான் சென்னையில் கைப்பை கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் சும்மா இருந்த நேரம். ஆம்பூர்த் தோல் கொஞ்சம் கையில் இருந்தது. விளிம்பைத் தேய்த்து மழுக்கி, மெழுகு நூலில் தைத்துத் தந்தேன். நீ மாட்டிக்கொண்டு முற்றத்தில் குதித்துப் பார்த்தாய்.

"கொள்ளாம் ஏட்டி. இன்னும் ரெண்டு தைச்சுத் தா, நான் விக்கேன்."

விற்றாய். நம் பக்கத்தில் சர்ச்சுக்கு ஒரு கிட்டாராவது இருக்குமே. அது தீர்ந்ததும் பெங்களூரு, சென்னை என்று இசைக்கருவிக் கண்காட்சிகளைத் தேடிப் புறப்பட்டோம். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் லீவு சொல்லிவிட்டு அண்ணனும் வருவான். "கிட்டாரு வாசிக்கியவன் நூறு பேரு, வாரு விக்கிய பொம்பளைய ரெண்டு பேரு" என்று வழிநெடுகக் கேலி பேசுவான். பெட்டியைத் தூக்குவதும் அவன்தான்.

மேஜையில் கிடக்கிற வாரை எவனும் வாங்க மாட்டான் என்று முதல் நாளே கண்டுபிடித்தாய். பக்கத்துக் கடைக்காரரிடம் இருந்ததிலேயே கனமான பேஸ் கிட்டாரைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டாய். அந்த மண்டபத்தில் ஆளாளுக்கு ஒரு பாட்டை ஒரே நேரத்தில் வாசித்து மண்டையைப் பிளப்பார்கள். அதற்கு நடுவே நீ இரண்டு கையையும் மேலே தூக்கி, "நான் விட்டாச்சு, இது விடாது" என்பாய். ஆட்கள் நின்றுவிடுவார்கள். காலையில் மாட்டினால் மண்டபம் பூட்டும்வரை இறக்க மாட்டாய். டீயும் அப்படியே நின்றுதான்.

அதனால்தான், உனக்கு இடது தோள் வலிக்கத் தொடங்கியபோது யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. வார் உட்காருகிற தோள் அல்லவா. பெங்களூரில் நம் கடைக்கு வந்த ஆள் ஒவ்வொருவனும் வைத்தியன் ஆனான். எனக்கும் இருந்தது, கிட்டார் பிடிக்கிற எல்லோருக்கும் இருக்கும், பட்டை அகலமாக இருந்தால் பாரம் பரவும், போய்விடும் என்றார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் போயிருந்தது. நீ ஊருக்கு வந்ததும் தைலப் புட்டியை என்னிடம் நீட்டினாய்.

"டாக்டரைப் பாப்பமா?" என்று அண்ணன் கேட்டான்.

"இது சொமந்து சொமந்து வந்த நோவு. இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு சிரிப்பாரு."

நான் வாரை அகலமாக்கினேன். வலி போகவில்லை. இன்னும் அகலமாக்கி, உள்பக்கம் செம்மறியாட்டு ரோமம் வைத்துத் தைத்தேன். அடுத்த கண்காட்சியில் நீ அதை மாட்டிக்கொண்டு நின்றாய். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் அதுதான் வேண்டும் என்றார்கள். நாம் தைத்ததிலேயே நன்றாக ஓடியது அந்த அகல வார்தான் மைனி. உன் வலிக்கு அளவெடுத்துத் தைத்தது ஊரான் தோளுக்கெல்லாம் சுகம் தந்தது. உனக்கு மட்டும் தரவில்லை. நீயோ விற்ற சந்தோஷத்தில், "இப்ப கொஞ்சம் பரவாயில்ல" என்று பொய் சொன்னாய்.

பிறகு சுண்டுவிரல். கிறிஸ்மஸ் பாட்டில் உன் இடக் கைச் சுண்டுவிரல் தந்தியை அழுத்தாமல் நழுவியது. மரத்துப்போகிறது என்றாய். நீயே காரணமும் சொன்னாய்: "கடையில நிக்கியதும் ரயிலேறியதும்தான் வேலை. வாசிச்சுப் பழகியது எப்ப? வெரலு மறந்துபோச்சு." கொயரில் எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னையில் யாரோ நம் கடையைப் படமெடுத்து அனுப்பினார்கள். அதில் உன் இடக் கண் பாதி மூடியிருந்தது. "யாரைப் பாத்துக் கண்ணடிக்கா ஒனக்க மைனி?" என்று அண்ணன் கேட்டான். அப்போதும் சிரித்தோம். இரண்டாவது படத்திலும் அதே கண் அப்படியே இருந்தது. மூன்றாவதைப் பார்த்தபோது அண்ணனின் முகத்தில் சிரிப்பு இல்லை.

திருவனந்தபுரத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தோளில் ஒன்றும் இல்லை, தோள் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு உன் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை. புற்றுக்கட்டி நுரையீரலின் உச்சியில் இருந்தது. அங்கே இருந்துகொண்டு கைக்குப் போகிற நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. கண் இமை சரிந்ததும் அதனால்தான். ஒரு பீடிகூடக் குடிக்காதவளுக்கு அது எப்படி வந்தது என்று அண்ணன் கேட்டான். வரும் என்றார் அவர்.

அதன்பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருப்பாய். படுக்க முடியாது. எனக்குத் தெரிந்தது தோலும் ஊசியும்தானே. மிச்சமிருந்த ரோமத்தை வைத்து, கையைத் தொங்கப்போட ஒரு வார் தைத்துக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினேன். நீ சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "கழட்டு ஏட்டி. இதுலயும் சொகம் இல்ல." என் தையலில் நீ குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது உனக்கு மூச்சு நின்றது. அண்ணன் உன் இடது கையைப் பிடித்திருந்தான். அதில் உனக்கு உணர்வு இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அகல வாரை நிறுத்திவிடலாம் என்றேன். "அது அவளாலதான் வந்தது. நிப்பாட்டாத" என்றான் அண்ணன். தைக்கிறேன். ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. எவ்வளவு நாளாக வலி, கிட்டாரை இறக்கி வைத்த பிறகும் வலிக்கிறதா, சுண்டுவிரல் மரக்கிறதா என்று கேட்கிறேன். "இது கடையா ஆஸ்பத்திரியா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

கொச்சியில் முந்தாநாள் ஒருவன் வந்தான். தக்கலைக்காரன், அங்கே வேலை. வாட்டசாட்டமான ஆள்.

"அக்கா, இடத் தோளு நல்ல நோவு. அந்த அகலமானதத் தாங்க."

"சுண்டுவிரலு மரக்குதா?"

"அது கொஞ்ச நாளா உண்டு. கிட்டாரு பிடிக்கிய பிடி சரியில்ல, அதான்."

தர மாட்டேன் என்றேன். முதலில் நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பார், ஒன்றும் இல்லையென்றால் வா, நானே தைத்துத் தருகிறேன் என்றேன். தோளுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனான். நம்மைப் பார்த்து அவர்களும் அகலமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவன் ஒன்றை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய், எல்லார் முன்னாலும் மறுபடி சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல மக்கா. எனக்க மைனி செத்துப்போனா. இதே தோளு, இதே வெரலு."

செத்துப்போனா என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதுவரை தவறிட்டா, போயிட்டா என்றுதான் சொல்லி வந்தேன். அவன் வாரைக் கழற்றி மேஜையில் வைத்தான். சுண்டுவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டான். டாக்டரிடம் போனானோ இல்லையோ, எனக்குத் தெரியப்போவதில்லை.

அடுத்து எவன் வந்து தோள் நோவு என்றாலும் இதையேதான் சொல்வேன். உன் சாவை இனி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்லப்போகிறேன் மைனி. அதை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.