மருமகள் எழுதும் எடைக் கணக்கு

மார்ச் 3
ஆற்றுப் பாலத்தை இழுத்து மூடிய வருஷம் இது. என் மகன் தவறிப்போனதற்கு அடுத்த வருஷம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. மருமகள்தான் பழக்கிவிட்டாள்.

அவள் வயிற்றில் கட்டி. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். அவளோ கணினியை விட்டு எழவில்லை. அவளும் என் மகனும் சேர்ந்து எழுதிய அல்ஜீப்ரா மென்பொருளில் அவன் பாதியில் விட்டதை முடிக்க வேண்டுமாம்.

மார்ச் 5
பேச்சுக் கொடுத்தால் சாப்பிடுவாளே என்று, என்ன வேலை அது என்று கேட்டேன்.

“பல்லுறுப்புக்கோவை மாமா. எக்ஸ், ஒய்னு வரும்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை. அடுக்கை எடையால பெருக்கி, ஒரு உறுப்புக்குள்ள இருக்கிறதைக் கூட்டணும். எந்த உறுப்புக்கு அதிகமா வருதோ, அந்த எண்தான் முழுக் கோவைக்கும் படி.”

“இதுக்கா சாப்பாடு ஆறிப்போகுது?”

சிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மார்ச் 6
அவள் அறையில் முனகல் கேட்கிறது. கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே போகப் பயம்.

மார்ச் 10
நேற்று முடித்து அனுப்பினாள். தப்பாம். கூட வேலை செய்கிறவள், நான் கண்ணாடிக்காரி என்பேன், போனில் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, எக்ஸுக்கு எடை ஒண்ணு, ஒய்க்கு மூணு. எக்ஸ் அடுக்கு அஞ்சு, கூட்டல் ஒய் அடுக்கு ரெண்டு. ரெண்டை மூணால பெருக்கி, படி ஆறு வரணும். உன்னோடது அஞ்சுங்குது.”

மருமகள் தலையில் கைவைத்தாள். எடை இல்லாதபோது பெரிய படி உள்ள உறுப்புதான் முதலில் நிற்குமாம். அதை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் முதல் உறுப்பையே பார்த்துவிட்டாள். எடை போட்டால் பின்னால் நிற்பதும் முந்திவிடுமே.

“ஆபரேஷனைத் தள்ளிவெச்சுடலாம் மாமா. அவர் ஆரம்பிச்சது. தப்போட விட்டுட்டுப் போய், நான் திரும்பலேன்னா?”

மகனும் இப்படித்தானே - அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறேன்ப்பான்னான். எங்கே போனான்? இவளையும் விட்டுட்டு நான் என்ன செய்ய?

மார்ச் 11
சொல்லிவிட்டேன். “அவன் வேலை கிடக்கட்டும்மா. இன்னொரு தடவை பாடை தூக்க எனக்குத் தெம்பு இல்ல.”

கணினியை மூடினாள். பிறகு கண்ணாடிக்காரியைப் போனில் கூப்பிட்டாள். “என்னோடதை எடுத்துடு. எல்லா உறுப்பையும் பார்க்கணும். நீயே எழுது.”

“எழுதுறேன். குறை சொல்லவாவது வந்து சேரு.”

மார்ச் 12
ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

மார்ச் 13
கண் திறந்தாள். “ஆறு வந்துச்சா மாமா?”

“வந்துடுச்சும்மா. கண்ணாடிக்காரி காலையிலயே சொல்லிட்டா.”

திரும்பித் தூங்கிவிட்டாள். நர்ஸ் தாளோடு வந்து, “வீட்ல வேற யார் இருக்காங்க பெரியவரே?” என்றாள். மனைவி போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் போயாச்சு. மகனும் போனான். கட்டிலைக் காட்டினேன்.

“இருக்கிறது இவ ஒருத்திதாம்மா. என் மருமக.”