ஐந்து மணிக்குப் பூட்டிய கதவு

ஜனவரி 6

விடியற்கால ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் போதகர் பியோன். தலையாட்டியவர் மூப்பர் குக். நாற்பத்தாறு வருடமாகக் காலை ஐந்து மணிக்குத் திறந்த சபைக் கதவில் இன்று எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. எண்ணை எங்களுக்குச் சொல்லவில்லை. இனிமேல் சனிக்கிழமை மட்டும்தானாம். மற்ற நாட்களில் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ள வேண்டுமாம். தேவன் எங்கும் இருக்கிறாராம்.

எனக்குத் தெரியாதா? எங்கும் ஜெபிக்கலாம் என்பவர்கள் எங்குமே ஜெபிப்பதில்லை. எழுபத்தெட்டு வருடத்தில் நான் கண்டது இது.

நாலு கிழவிகள் குளிர்காய சபையில் அடுப்பு எரிக்க வேண்டுமா என்று மூப்பர் கேட்டார். சொன்னேன்: "நோவா பேழையிலயே எட்டுப் பேருதான் மூப்பரே. அதுல நாலு பேரு பொம்பளைங்க."

ஜனவரி 7

ஐந்து மணிக்கு வாசற்படியில் என் சிறு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தேன். பனி. பக்கத்து வீட்டு ஒக்-நாமும் மூட்டுவலியோடு வந்தாள். மற்ற இருவரும் வரவில்லை. ஆறு மணிக்கு எழுந்தோம்.

பள்ளிக்கூடம் பார்க்காதவள் நான். உள்ளே இருக்கும் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயதில் நானே எழுத்துக் கூட்டினேன், இதே ஐந்து மணியில். அதைப் பூட்ட இவர்கள் யார்?

ஜனவரி 8

உட்கார்ந்தேன்.

ஜனவரி 11

உலை வைக்கும்போதெல்லாம் வீட்டார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, ஆளுக்கு ஒரு கரண்டி அரிசியைப் பிடியரிசிப் பையில் போடுவேன். கணவர் போனார், பிள்ளைகள் பூசான் நகரத்துக்குப் போனார்கள், கரண்டிகள் குறையவில்லை. கடைசிக் கரண்டி போதகருக்கு. பை நிறைந்ததும் அவர் வீட்டுச் சோற்றுக்குப் போகும்.

இன்று அந்தக் கடைசிக் கரண்டியைப் போடவில்லை. பையையும் கொடுக்கப்போவதில்லை. கதவைப் பூட்டியவருக்கு என் அரிசி எதற்கு?

கை மட்டும் தானாக ஒருமுறை அரிசிப் பானைக்குள் போய்த் திரும்பியது.

ஜனவரி 19

திரும்பி நடக்கும்போது ஒக்-நாம் கேட்டாள்: "அக்கா, நீங்க ஜெபம் பண்றீங்களா, பூட்டோட சண்டை போடுறீங்களா?"

வாயை மூடிக்கொண்டு நட என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன். இன்று யாருக்காக ஜெபித்தேன்? ஒரு பெயர்கூட நினைவில் இல்லை. போதகரை என்னென்ன கேட்க வேண்டும் என்றுதான் ஒரு மணி நேரமும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். கேட்டா என்ன தப்பு? அவளுக்கென்ன, சொல்லிட்டுப் போறா— நாளைக்கும் போவேன்.

ஜனவரி 27

ஒக்-நாமுக்கு முட்டி வீக்கம். தனியாகப் போனேன். கால் மரத்துப்போனதால் ஆறு மணிக்கு எழ முடியவில்லை. அதனால்தான் பார்த்தேன்.

ஆறு இருபதுக்குப் போதகரின் வண்டி வந்தது. இறங்கியவர் காலில் ரப்பர் பூட்ஸ், சட்டைக் கையில் ஒட்டிக் காய்ந்த கடற்பாசி. பாலத்துக்கு அப்பால் தின்னும் கடற்பாசியைத் தாள் தாளாகக் காயவைக்கும் தொழிற்சாலையில் இரவு வேலையாம். நாம் கொடுக்கும் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லையாம்.

"ஆறு மணிக்குத்தான் விடுறாங்கம்மா. போதகர் பாசி அள்ளுறார்னு ஊருக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன்."

"அப்போஸ்தலர் பவுலே வயித்துப்பாட்டுக்குக் கூடாரம் தெச்சாரு. அவரு ஒளிஞ்சா தெச்சாரு? வெட்கப்பட்டது நீங்க, குளிர்ல உக்காந்தது நாங்க."

"நான் இல்லாம யாரும்மா நடத்துறது?"

"நடத்துறதுக்கு நீங்க வேணும். ஜெபிக்கிறதுக்கு?"

நின்றபடியே கண் சொருகியது அவருக்கு. பூட்டின் எண்ணைச் சொன்னார். இரண்டு முறை சொல்லவைத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பை என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. இத்தனை நாளும் அந்த வீட்டில் என்ன பொங்கினார்களோ.

ஜனவரி 28

மன்னிப்பு அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போதகர் இல்லாமல் விடியற்கால ஜெபம் கூடாது என்று மூப்பர் இன்னும் முனகுகிறார். முனகட்டும். நாளையிலிருந்து இப்படித்தான்:

கதவு — ஐந்து மணிக்கு நான் திறப்பேன்.

அடுப்பு — ஒக்-நாம் பற்றவைக்க வேண்டும். அவள் முட்டிக்கும் நல்லது.

மண்ணெண்ணெய் — மூப்பர் குக், தன் வீட்டிலிருந்து. தலையாட்டிய கழுத்து கொஞ்சம் சுமக்கட்டும்.

பாட்டு — யாருக்கு வருகிறதோ அவர். சுருதி தப்பினால் தப்பட்டும்.

சம்பளம் — ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் போதகரே வாய் திறந்து கேட்க வேண்டும். சபை பதில் சொல்ல வேண்டும்.

போதகர் — வேலை முடிந்து பூட்ஸோடு வரலாம். ஆறரை வரை இருப்போம். கடைசி வரிசையில் முழங்காலிட வேண்டும். தூங்கிவிட்டால் யாரும் எழுப்பக் கூடாது.

பூட்டு — அவரே கழற்ற வேண்டும்.

நான் — விட்டுப்போன கரண்டிகளை இன்றே பையில் போட்டு, அவர் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் பெயரைச் சொல்லி. மொத்தமாக அள்ளிப் போடக் கூடாது.