பேரீச்ச மரத்தடி பதில்

அன்பு மகள் நூரீனுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் உப்பளம் வீட்டில் எல்லாரும் சுகம், பிரான்சுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போனில் பேசினால் உன் அத்தா பக்கத்தில் நின்று திருத்துவார், அதனால் எழுதுகிறேன், உன் தங்கை அரீபா போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். அவள் படிக்கும் கன்னியர் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்பது உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினாய். இவளுக்குத் தூக்கம் வரவில்லையாம், கதை கேட்க மறைக்கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா, வினாடி வினாவில் சேர்ந்து இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸையும் வாங்கி வந்துவிட்டாள். அத்தாவுக்கு வந்ததே கோபம், நாளைக்கே டிசி வாங்கி வேறு பள்ளியில் போடுகிறேன் என்று குதித்தார். ஒன்பதாவது நடுவில் சிநேகிதிகளை விட்டு எங்கே போவாள், அழுது அழுது முகமே வீங்கிவிட்டது.

மறுநாள் நானும் கூடவே போனேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கெட்டிக்காரப் பெண், ஒரே ஒரு பதிலால் முதல் பரிசு போய்விட்டது என்று வருத்தப்பட்டார். இயேசு எங்கே பிறந்தார் என்று மேடையில் கேட்டதற்கு மாட்டுத்தொழுவம் என்று சொல்ல வேண்டியவள், அவசரத்தில் பேரீச்ச மரத்தடி என்று சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் அத்தா மடியில் வைத்து, மரியம் அலைஹிஸ்ஸலாம் பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெற்ற கதை சொன்னாரே, அதுதான் நாக்கில் வந்து நின்றிருக்கிறது. டிசி கேட்க வந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சரியாத்தான சொல்லியிருக்கா, எங்க குர்ஆன்ல அப்படித்தான் இருக்கு, மார்க்க ஏன் கொறச்சீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். சிஸ்டர் சிரித்துவிட்டு, வரும் புதன்கிழமை நீதிபோதனைக்கு நீங்களே வந்து அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன் என்றார். டிசி பேச்சு அதோடு போயிற்று, எனக்குப் போன உயிர் வந்தது.

அன்றிலிருந்து உன் அத்தா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார், பிள்ளைகள் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டு உயிரை எடுக்கிறார். நேற்று அரீபாவைக் கூப்பிட்டு, புதன்கிழமை மறைக்கல்விப் பக்கம் போகக் கூடாது, என் வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தாமலே, "கத நல்லா இருந்தா உக்கார்றேன் அத்தா" என்றாள்.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல், வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப்போடாதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். செவ்வாய் இரவே அத்தாவுக்குப் போன் செய்து தைரியம் சொல், நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
பதுருன்னிசா சிராஜுதீன்