நேராக்க விடாத கோடு

நேற்றுக் கல்லாற்று முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிவிட்டார்கள். மழை இன்னும் விடவில்லை. ஆனாலும் வாவி கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரியகல்லாற்றில் என் வீட்டுக்குப் பின்னால் சேறு வெளியே தெரிகிறது. அழுகிய பாசி நாற்றம் குசினிவரை வந்துவிட்டது. நான் சன்னலைச் சாத்தவில்லை. இந்த நாற்றம் வந்தால் உன் நினைவும் வரும்.

ஒரே வகுப்பில்தான் பௌதிகம் படித்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். நீ வெளிநாடு போய், மிகச் சிறிய அசைவுகளை அளக்கும் துறையில் கலாநிதிப் பட்டம் வாங்கித் திரும்பினாய். எனக்குத் தெரிந்து உனக்கு முன் இங்கே அந்த வேலையைச் செய்தவர் எவருமில்லை. பல்கலைக்கழகத்தில் உனக்குக் கிடைத்தது முதலாமாண்டுச் செய்முறை வகுப்பு மட்டும்.

கருவி இல்லையென்று நீ அழவில்லை. மேசன்மார் நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ரியூப் குழாயை வாங்கினாய். குருக்கள்மடத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டின் இரண்டு முனையிலும் கண்ணாடிக் குவளை வைத்து, ரியூப்பால் இணைத்து, நீர் நிரப்பினாய். தரை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் குவளையில் நீர் ஏறும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றத்தை நுணுக்குக்காட்டியால் வாசித்தாய். மாரியில் வாவி நிரம்ப நிரம்ப, அந்த நீரின் பாரத்தால் தரையே வாவிப் பக்கம் சாய்கிறது என்றாய்.

வீட்டுக்கார மாமிக்குத்தான் முதலில் பயம் பிடித்தது.

"புள்ள, என்ட வீடு சரியுதெண்டு ஊருக்குள்ள சொல்லிப் போடாதகா. மகளுக்குச் சீதனத்துக்கு வெச்சிரிக்கிற வீடு."

"சரிஞ்சது தலமயிரளவும் இல்ல மாமி."

"மாப்பிள வீட்டாருக்கு அது போதும்!"

பதவி உயர்வுக் குழுவுக்கும் அது போதுமாயிருந்தது. ஒவ்வொரு மாரியிலும் உன் வரைபின் கோடு வளைந்தது. அது கருவியின் கோளாறு, வளைவைக் கழித்துக் கோட்டை நேராக்கித் தந்தால் உயர்வு தரலாம் என்றார்கள். நீ மாட்டேன் என்றாய். கடைசிவரை அந்த உயர்வு வரவில்லை.

நானும் உன்னை நம்பவில்லை. மழையில் மண் ஊறும், சுவர் ஊறும், குளிரில் ரியூப் சுருங்கும் என்று அடுக்கினேன். "இரிக்கலாம். அப்ப அதுகளையும் அளப்பம். ஆனா இத அழிக்கச் சொல்லாத" என்றாய்.

பிறகு ஒரு மாரியில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே முகத்துவாரத்தை வெட்டினார்கள். உடனே வரச்சொல்லி நீ போன் எடுத்தாய். நனைந்துகொண்டு வந்து பார்த்தேன். மண் ஊறிக்கொண்டுதான் இருந்தது. வாவி வடிய வடிய, குவளை நீர் மட்டும் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒருக்கா நடந்தத வெச்சு ஒண்டும் சொல்ல ஏலா" என்றேன்.

நீ சிரித்தாய். "அதுக்குத்தானேகா உன்னக் கூப்பிட்டன். வேற ஆரும் வந்திருந்தா என்ட முகத்துக்காக ஓமெண்டிருப்பாங்க."

அடுத்த மாரிக்கு முன் உனக்கு நோய் வந்தது. இரண்டாவது தடவை அளக்க உன்னால் முடியவில்லை.

இவ்வருடம் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன் ஆய்வைப் பற்றிய கட்டுரையை என்னிடம் கேட்டார்கள். வரைபோடு எழுதிக் கொடுத்தேன். தொகுப்பாசிரியர் போன் எடுத்தார்.

"மெடம், நினைவு மலர்ல பிழையான கோடொண்டு போறது வடிவில்ல. நேராக்கிப் போடுவமா?"

"பிழையெண்டு ஆர் அளந்தது?"

"நீங்களே நம்பேல்லயாமே!"

"ஓம், நம்பேல்ல. இப்பவும் முழுசா நம்பேல்ல. அதுக்காக நேராக்க ஏலா."

"அப்ப அந்தப் படத்த மட்டும் எடுத்திருவம்."

"எடுங்க. கட்டுரையையும் சேத்து எடுங்க."

கட்டுரையை விட அவருக்கு மனமில்லை. கடைசியில் கோடு வளைந்தபடியே போகிறது. அதன் கீழே 'காரணம் உறுதிப்படவில்லை' என்ற வரியை என் பெயரோடு போடச் சொன்னேன். நீ இருந்திருந்தால் அந்த வரியை நீயே எழுதியிருப்பாய்.

போனை வைத்த பிறகும் கோபம் ஆறவில்லை. இந்த மாரி தொடங்குமுன் குருக்கள்மடம் போனேன். மாமி மகளோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். மாப்பிள்ளை ஓடவில்லை. "மறுகாவும் என்ட வீட்டச் சரிக்க ஆள் வந்திட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே, மூலையிலிருந்த நெல் மூடைகளைத் தானே இழுத்து எனக்கு இடம் விட்டார். குவளைகளை வைத்தேன். இம்முறை சுவரின் ஈரத்தையும் அறையின் வெப்பத்தையும் சேர்த்தே அளந்துவருகிறேன். நான் அன்று அடுக்கிய சந்தேகங்கள் அவை, அளக்கவேண்டியவள் நான்தான்.

உன் நுணுக்குக்காட்டி என் பையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் பஸ் ஏறுகிறேன். குவளை நீர் திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இருக்கலாம். நீ பிழை என்றால், அதை அளந்துவிட்டு நான் சொல்வேன். அளக்காத எவரையும் சொல்ல விடமாட்டேன்.