சாயப்பட்டறைத் தொட்டியில் இரண்டு பேர்

என் ரோசம்மா அக்காவுக்கு,

நீ போன பிறகு நேற்றுதான் நம் ஆரணியில் முதல் மழை. மழை வருவது வானத்துக்கு முன்னால் உன் முட்டிக்குத் தெரிந்துவிடுமே, அதை நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் உனக்கு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். கரும்பலகை முன்னால் நிற்க முடியாமல், டீச்சர் வேலையை விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டாய். வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னை வெந்நீர்த் தொட்டிக்குள் நடக்கவைத்தார்கள். தேய்ந்தது திரும்பி வளராது, ஆனால் தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கும், வலி தணியும் என்று டாக்டர் சொன்னாராம். "தண்ணிக்குள்ள என் காலு என் பேச்ச கேக்குதுடி" என்றாய். ஆனால் அடிக்கடி பஸ் ஏறி வேலூர் போக உன்னால் ஆகவில்லை.

என் வீட்டுக்காரர்தான் எங்கள் சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசும் சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். இடுப்பளவு ஆழம். ஞாயிறு மத்தியானம் வேலை இருக்காது. தேய்த்துக் கழுவி, அண்டாவில் காய்ச்சி ஊற்றலாம் என்றார்.

முதல் ஞாயிறு, அடுப்புக்கு விறகு தள்ளிய கன்னியம்மாவை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பட்டறையில் நூல் அலசுகிறவள். முட்டியில் கை ஊன்றாமல் அவளால் எழ முடியாது. அவளையும் தொட்டியில் இறங்கச் சொன்னாய்.

என் மாமியார் மறித்தார். "அவ எறங்குன தொட்டில அப்புறம் யாரு நூல் அலசுறது?"

தினமும் அதே தொட்டியில் அலசுகிறவளே அவள்தான்.

"அப்ப நானும் எறங்கலைங்க அத்தை" என்று எழுந்தாய். அந்த வலியோடு தெருமுனை வரை போய்விட்டாய். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி உன்னைக் கூட்டிவந்தார். கன்னியம்மா ஏறி இறங்க இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தீர்கள். கன்னியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வலி எங்க போச்சுன்னு தேடிகினு இருக்கேன் டீச்சர்" என்றாள்.

ஞாயிறுதோறும் இறங்கியும் குணமாகிவிடவில்லைதான். ஆனால் ஓய்வு பெறும்வரை நீ நின்றே பாடம் நடத்தினாய். மாமியாருக்கும் பிறகு முட்டிவலி வந்தது. தொட்டிப் பக்கம் அவர் வரவே இல்லை. வீம்பா, வெட்கமா? நீ இருந்தபோதே உன்னைக் கேட்டிருக்கலாம்.

உன் அடக்கத்துக்குக் கன்னியம்மா கல்லறைத் தோட்டம் வரை நடந்தே வந்தாள். போன ஞாயிறு, களம்பூர் ரைஸ்மில்லில் நெல் காயவைக்கும் ஒருத்தியை அழைத்து வந்தாள். யாரைக் கேட்டு உள்ளே வருவது என்று தெரியாமல் அவள் வாசலிலேயே நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தண்ணீரில் இறக்கினேன்.

அக்கா, இந்தத் தொட்டியைத் தேடி யார் வந்தாலும், எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்