நாற்பதாம் கம்பம்

ஜூன் பதினான்கு, ஞாயிறு, காலை ஆறு பத்து. சிவப்புச் சதை ரகத்தில் பதினேழு பூ, வெள்ளைச் சதை ரகத்தில் மூன்று. உன் சிங்காரப்பேட்டை நிலத்தில் நின்று எழுதுகிறேன். கையெல்லாம் மகரந்தம், பேனாவும் மஞ்சளாகிவிட்டது.

டிராகன் பழம் போடலாம் என்று நாம் தங்கியிருந்த மூக்கண்டப்பள்ளி அறையில் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து திட்டம் போட்டோம். கொடி ஏற நாற்பது கம்பம், உச்சியில் பழைய பைக் டயர், எல்லாம் ஒரே சிவப்பு ரகம். நீ மட்டும் யாரோ சும்மா கொடுத்த வெள்ளை ரகத் தண்டுத் துண்டைக் கடைசிக் கம்பத்தில் நட்டாய்.

"ரிஜெக்ட் பீஸ்டா அது, பிடுங்கு" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும்டா. உங்கிட்ட சோறா கேக்குது? உனக்குப் பொண்ணு பாத்தாலும் ரெண்டு மில்லிமீட்டர் கம்மின்னு திருப்பி அனுப்பிடுவ."

முதல் பூவைப் பார்க்காமலே காமாலையில் போய்விட்டாய். போன வருஷம் நாலு காய் தவிர எல்லாப் பூவும் உதிர்ந்தது. மண்ணைச் சோதித்தேன், தண்ணீரைக் குறைத்தேன், போரான் உரம் தெளித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"இந்த வாட்டியும் காய் நிக்கலன்னா எங்கண்ணன் எல்லாத்தையும் பிடுங்கிட்டுத் தக்காளி போடறேங்கறாரு. நானும் எத்தன நாளுண்ணா பாக்கறது?" என்றாள் உன் மனைவி. நியாயம்தான். போன வாரம் அவளே கேட்டாள்: "அந்த நாலு காயும் வெள்ளைக்குப் பக்கத்துக் கம்பத்துலதான் நின்னுது, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. மொத்தத்தை எண்ணிச் சராசரி எழுதினேன்; எந்தக் கம்பம் என்று எழுதவில்லை. கம்பெனியில் தரம் பார்க்கும்போது இப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும். அவள் கேட்ட பிறகுதான் விசாரித்தேன்: நம் சிவப்பு ரகம் தன் மகரந்தத்தில் காய்க்காது, வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். விசாரிக்க அரை மணி நேரம்தான் ஆனது. போன வருஷம் அதற்கும் எனக்குப் பொறுமை இல்லை.

நீயும் தெரிந்து நடவில்லை. கிடைத்ததைத் தூக்கிப் போட உனக்கு மனசு வராது, அவ்வளவுதான். உன்னைப் பெரிய விவசாயி என்று எழுத மாட்டேன்.

இன்று வெள்ளைப் பூக்களிலிருந்து மகரந்தத்தைத் தட்டி, பெயின்ட் பிரஷால் பதினேழுக்கும் வைத்தேன். உன் மனைவி கிண்ணம் பிடித்தாள். "அவரு இருந்தா உங்கள என்ன ஓட்டு ஓட்டியிருப்பாரு" என்றாள்.

இனி செய்ய வேண்டியவை:

1. அடுத்த ஞாயிறு வந்து காம்பைப் பார்ப்பது. பச்சையாக இருந்தால் காய் நிற்கும், மஞ்சளானால் உதிரும்.

2. நின்றால், வெள்ளையிலிருந்து துண்டு வெட்டிச் சிவப்புக்கு இடையிடையே நடுவது.

3. நிற்காவிட்டால், கம்பம் பிடுங்க நானே வருவது. நாற்பதாவதை மட்டும் விட்டுவைக்கும்படி உன் மச்சானிடம் கேட்பது. அது யாரிடமும் சோறு கேட்கவில்லை.